இரண்டாவது சுற்று

நமக்குப் பிராயம் ஐம்பத்து மூன்று. ஆனால் நம்முடைய தேகம் அதற்கு மேல் ஒரு பத்து வருஷத்தைக் கூட்டியே கணக்குச் சொல்லிவந்தது. சென்ற தை மாதத்தில் வைத்தியர் நம் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முகத்தை மிகவும் கம்பீரமாக வைத்துக்கொண்டு, "தினந்தோறும் காலையில் கொஞ்சம் ஓடுங்கள்" என்றார்.

ஓடுவதாவது! ஆவடி லோகலைப் பிடிப்பதற்கும், கைமாற்றுக் கொடுத்தவரைத் தூரத்தில் கண்டபோதும் ஓடியிருக்கிறோமே தவிர, ஓட்டத்துக்காகவே ஓடியதாக நமக்கு ஞாபகம் இல்லை. இந்தச் சங்கடத்தை வீட்டில் சொன்னபோது, நம் தமையனாரின் மகள் முன்வந்து, "நான் கற்றுத் தருகிறேன், சித்தப்பா" என்றாள். அவளுக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். ஆகவே, குருவைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

அம்பத்தூர் ஏரிக்கரையில் நமது பாடம் ஆரம்பமாயிற்று. முதல் நாள் இருநூறு அடி ஓடினோம். அதற்குப் பிறகு ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மரம் அசையாமலிருந்தது, நாம் அசைந்துகொண்டிருந்தோம். "வேகமாக ஓடினால் இப்படித்தான் ஆகும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட வேண்டும். மூச்சு வாங்கிப் பேச முடியாமற் போனால் வேகம் அதிகம் என்று அர்த்தம்" என்றாள் குரு. பேசுவது நமக்குச் சுலபமான காரியம். எனவே மறுநாள் முதல் பேசிக்கொண்டே ஓடினோம். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

நமது பிரதேசத்தில் நெடுந்தூரம் போவது புதிய வழக்கமல்ல. பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், தாம் வளர்த்த பூக்களை எடுத்துக்கொண்டு காஞ்சி வரதராஜருக்குச் சார்த்துவதற்காக நடந்தே போய் வருவார் என்பது ஐதிகம். பூந்தமல்லியிலிருந்து காஞ்சீபுரம் முப்பது மைலுக்குக் குறையாது. தள்ளாத வயதில் அவரால் நடக்க முடியாமற் போகவே, பெருமாளே பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்தார் என்கிறார்கள். நம் விஷயத்தில் பெருமாள் அவ்வளவு தூரம் சிரமப்படுவார் என்று தோன்றவில்லை. நாமேதான் ஓட வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பெண் ஆவடியில் ஒரு மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போகிறாள். ஆவடி என்றதும் பெரியவர்களுக்கு 1955-ம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபை ஞாபகம் வரும். தேசம் சமதர்ம பாணியில் நடைபோட வேண்டுமென்று தீர்மானம் செய்தது அங்கேதான். மற்றவர்களுக்கு 1961-ம் வருஷத்தில் ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், அங்கே செய்யப்பட்ட விஜயந்தா டாங்கிகளும் ஞாபகம் வரும். நமக்கோ இப்போதெல்லாம் ஆவடி என்றால் ஒரு செம்மண் மைதானமும், ஊதல் ஒன்றும், 'இன்னும் ஒரு சுற்று!' என்ற ஒரு குரலுமே ஞாபகத்துக்கு வருகின்றன. துணைக்கு வந்தவர் என்ற ஹோதாவில் நாம் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது வழக்கம்.

அப்படிப் பார்த்ததில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டோம். மைதானத்தை இரண்டு தடவை சுற்றினால் எண்ணூறு மீட்டர். முதற்சுற்றில் எல்லாரும் அழகாக ஓடுகிறார்கள். இரண்டாவது சுற்றில் பாதி தாண்டியதும் கால்கள் ஈயம்போல் கனத்துவிடுகின்றன. தேகத்துக்கு வேண்டிய பிராணவாயுவை மூச்சு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் தசைகள் கடன் வாங்கிச் செலவு செய்துவிடுகின்றன. அந்தக் கடனை வட்டியுடன் கேட்கும் இடம் அதுதான். நூறு மீட்டர் ஓட்டக்காரனுக்குக் கடன் கேட்பதற்கு முன்னே பந்தயம் முடிந்துவிடுகிறது. பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவன் இருபத்தைந்து சுற்றுக்கும் செலவைச் சிக்கனமாகப் பங்கிட்டுக்கொள்கிறான். எண்ணூறு மீட்டர்க்காரனுக்கு இரண்டு கஷ்டமும் உண்டு.

பயிற்சி கொடுப்பதென்றால் சத்தம் போடுவது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அது தவறு. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மெதுவாக, நெடுநேரம் ஓடச் சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் அதிக இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொள்கிறது; தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இரண்டொரு நாள் மட்டும் வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓட வேண்டும். யாரை எப்போது நிறுத்துவது என்று அறிந்திருப்பதே பயிற்சியாளரின் வித்தை. ஓட விரும்பும் குழந்தையை ஓடவைக்க யாராலும் முடியும். இன்றைக்குப் போதும் என்று அதைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

ஒரு நாள் காலை, பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது, பெண் திடீரென்று கேட்டாள்: "சித்தப்பா! சாந்தி அக்காவின் பதக்கத்தை ஏன் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்?"

எந்தச் சாந்தி என்று நாம் கேட்கவில்லை. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தோம். இருந்தாலும் பேச முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2006-ம் வருஷம் டிசம்பர் மாதம். இந்தப் பெண் அப்போது பிறக்கவே இல்லை. நாம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு காரியாலயத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். தோஹா நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டில், எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்ற செய்தி வந்தபோது, டீக்கடையில் எல்லாரும் மார்பை நிமிர்த்திக்கொண்டோம். 'நம்ம புதுக்கோட்டைப் பெண்' என்றோம். அதுவரை அவர் பெயரையே கேட்டிராதவர்கள் எல்லாம் உறவு கொண்டாடினோம். சில நாட்களுக்குள் இன்னொரு செய்தி வந்தது. பால் பரிசோதனையில் அவர் தேறவில்லையாம், பதக்கம் போய்விட்டதாம். அதே டீக்கடையில் அதே பெஞ்சியில் ஒருவர் விகடமாக ஏதோ சொன்னார். சிரித்தார்கள் என்று இங்கே எழுதிவிடலாம். நமக்குக் கௌரவமாயிருக்கும். ஆனால் சிரித்தோம் என்பதே உண்மை. சிரித்துவிட்டுக் கிரிக்கெட் பக்கத்தைத் திருப்பினோம்.

இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "வீட்டில் போய்ச் சொல்லுகிறேன்" என்று சமாளித்துவிட்டு, அன்று முழுவதும் பழைய செய்திகளையெல்லாம் தேடிப் படித்தோம். இருபது வருஷத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டியவை.

சாந்தி சௌந்தரராஜன் 1981-ம் வருஷம் புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சி கிராமத்தில் பிறந்தவர். தாயும் தகப்பனாரும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தவர்கள். ஐந்து குழந்தைகளில் மூத்தவர் சாந்தி. பெற்றோர் வேலைக்காக வெளியூர் போய்விட்டால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. தாத்தாவும் ஓட்டக்காரர். அவர்தான் பதின்மூன்றாம் வயதில் பேத்திக்கு ஓடக் கற்றுக் கொடுத்து, ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கித் தந்தார். குடிசைக்கு வெளியே இருந்த மண் தரைதான் மைதானம். பள்ளிக்கூடப் போட்டிகளில் கோப்பைகள் வந்தன. பிறகு மாகாணப் போட்டிகள், தேசியப் போட்டிகள். 2005-ம் வருஷம் தென்கொரியாவில் இஞ்சியோன் நகரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் வெள்ளி.

அடுத்த வருஷம் தோஹா. பஹ்ரைன் தேசத்துக்காக ஓடிய மரியம் யூசுப் ஜமால் முதலில் வந்தார். சாந்தி கஜகஸ்தான் வீராங்கனையை மயிரிழையில் முந்தி இரண்டாவதாக வந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிஷம் 3.16 விநாடி. அந்த ஒரு விநாடியின் சிறு பகுதிக்குப் பின்னால் எத்தனை வருஷத்துக் கஞ்சி, எத்தனை காலைப் பனி, எத்தனை செங்கல் இருந்தன என்று நாம் அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் எவ்விதமான ஊக்க மருந்தும் உட்கொண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றியதாகவும் சொல்லவில்லை. பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாகவே தம்மை அறிந்திருந்தார். ஆனால் ஒருவருடைய தேகத்தின் அமைப்பு எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் அமைவதில்லை. குரோமோசோம் ஒரு விதமாகவும், தேகம் வளர்ந்த விதம் வேறு விதமாகவும் அமைவதுண்டு. சுரக்கும் ஹார்மோனைத் தேகம் ஏற்றுக்கொள்ளாமற் போவதும் உண்டு. அநேகருக்குச் சாகும் வரையில் அது தெரியாமலே போய்விடும். வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையில் தாழிட்ட அறைக்குள் மெதுவாகச் சொல்ல வேண்டிய சமாசாரம் இது. சாந்தியின் விஷயத்தில் அது ஊர் ஊராகத் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்தது.

தமிழ்நாட்டு அரசாங்கம் அவருக்கு 15 லட்சம் ரூபாயும், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் பரிசாகக் கொடுத்தது. பதக்கம் போன பிறகும் பரிசைக் கொடுத்ததற்காக அரசாங்கத்தைப் பாராட்டுகிறோம். அந்தப் பெட்டியில் அவர் என்ன பார்த்திருப்பார் என்பதைத்தான் யோசிக்க முடியவில்லை.

இனிமேல்தான் நாம் நமது பெண்ணுக்குச் சொல்ல விரும்பிய கதை ஆரம்பமாகிறது. கிடைத்த பணத்தைக் கொண்டு சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் கற்றவர்கள் சென்னை மாரத்தானில் பரிசு பெற்றார்கள். தாம் ஓடக்கூடாது என்று விலக்கப்பட்ட பாதையில் பிறர் பிள்ளைகளை ஓடவிட்டு, கையில் கடிகாரத்துடன் கரையில் நிற்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! ஆனால் மனசு பெரிதாயிருந்தாலும் பணம் சிறிதுதானே? பயிற்சிக்கூடம் நீடிக்கவில்லை. 2012-ம் வருஷத்தில், ஆசிய விளையாட்டில் இந்தியாவின் உடையை அணிந்து ஓடியவர், தினம் 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்ற செய்தி வெளியாயிற்று. பெற்றோர் நின்ற அதே சூளை வாசலில் கொண்டுபோய்த் தேசம் அவரை நிறுத்தியிருந்தது.

அந்தச் செய்திக்குப் பிறகுதான் பலருக்குச் சொரணை வந்தது. பெங்களூரில் பயிற்சியாளருக்கான தேசிய டிப்ளமாப் படிப்பில் சேர்ந்து படித்துத் தேறினார். 2016-ம் வருஷத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளராக நியமனம் பெற்றார். தோஹாவிலிருந்து அந்த நியமனம் வரையில் பத்து வருஷம். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அவ்வளவு நீண்ட இரண்டாவது சுற்றை யாரும் ஓடியிருக்க மாட்டார்கள்.

வெளிதேசங்களில் என்ன நடந்தது என்றும் பார்த்தோம். 2009-ம் வருஷம் பெர்லின் நகரத்தில் நடந்த உலகப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா இதே எண்ணூறு மீட்டரில் தங்கம் வென்றார். அவரைப் பற்றியும் இதே கேள்வி கிளம்பிற்று. ஆனால் அவருடைய தேசம் முழுவதும், 'இவள் எங்கள் பெண்' என்று எழுந்து நின்றது. வக்கீல்களும் வைத்தியர்களும் துணைக்கு வந்தார்கள். பின்னர் இரண்டு ஒலிம்பிக்கில் அவர் தங்கம் பெற்றார். நம் தேசத்திலேயே ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த துத்தி சந்த் 2014-ம் வருஷம் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டபோது, விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். மறு வருஷம் அந்த மன்றம் அவ்விதியை நிறுத்தி வைத்தது. 2018-ம் வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் இரண்டு வெள்ளி பெற்றார். துத்திக்குத் துணை நின்றவர்கள் சாந்தியின் கதையை அறிந்தவர்கள். ஒருத்திக்கு நேர்ந்த அநீதி இன்னொருத்திக்குப் பாடமாக உதவிற்று. சாந்திக்கு மட்டும் துணை வரவில்லை. அவர் காலத்தில் நாமெல்லாரும் டீக்கடையில் இருந்தோம்.

விவாதம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வருகிறவர்கள் ஒரு மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 2025-ம் வருஷம் செப்டம்பர் முதல் உலகத் தடகளச் சம்மேளனம் விதித்திருக்கிறது. பக்கத்துப் பாதையில் ஓடுகிற பெண்ணுக்கும் நியாயம் வேண்டுமல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானதே, அதை அலட்சியம் செய்ய நாம் தயாராயில்லை. ஆனால் விதி எதுவானாலும், அதை ஒரு பெண்ணின் மானத்தைச் சந்தியில் இழுக்காமல் நிறைவேற்ற முடியாதா என்பதே நமது கேள்வி.

இதை யோசிக்கும்போது இன்னொரு புதுக்கோட்டைக்காரர் ஞாபகம் வருகிறது. கோவிந்தன் லட்சுமணன் 2017-ம் வருஷம் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த வருஷம் ஜகார்த்தாவில் பத்தாயிரம் மீட்டரில் மூன்றாவதாக வந்தார். இருபத்தைந்து சுற்றில் எங்கேயோ ஒரு கணம் அவர் கால் உட்புறக் கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டதென்று பதக்கத்தை மறுத்துவிட்டார்கள். மனசுக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்தக் கோடு தரையில் வெள்ளையாகப் போட்டிருந்தது. அவருக்கும் அது தெரியும், நடுவருக்கும் தெரியும். சாந்தி தாண்டிய கோடு எங்கே போட்டிருந்தது? கத்தக்குறிச்சியில் பிறந்தபோதா? அதை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

அன்று இரவு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னோம். டீக்கடையில் சிரித்ததையும் மறைக்காமல் சொன்னோம். அவள் நம்மை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு நாம் பாத்திரந்தான்.

ஆனால் கேட்டுக்கொண்டிருந்த தமையனார் வேறொன்று சொன்னார். "இவ்வளவு தூரம் கேட்ட பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு வருகிறது. ஓட்டத்தை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம்" என்றார். அண்ணி, வெயிலில் ஓடிப் பெண் கறுத்துப்போகிறாள் என்ற பழைய வாதத்தைப் புதுப்பித்தாள். பக்கத்து வீட்டு அம்மாள், நாளைக்குக் கலியாணப் பேச்சு எடுக்கும்போது நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்களே என்று தம் பங்குக்குச் சொல்லி வைத்தாள்.

நாம் சாந்தியின் கதையைச் சொன்னது ஓடச் சொல்வதற்காக. அதுவே ஓட்டத்தை நிறுத்துவதற்குக் காரணமாகிவிட்டது! இருபது வருஷத்துக்கு முன் அவர் கதையைக் கேட்டுத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களின் பூட்ஸுகள் பரணில் ஏறினவோ?

"அண்ணா! பரீட்சைக்குப் படிக்க வேண்டியதுதான். நானே உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் ஊர் என்ன பேசும் என்பதற்காக நிறுத்துவதானால், அன்றைக்குப் பேசிய ஊர் நான்தான். நான் இன்றைக்கு வேறு விதமாகப் பேசுகிறேன். ஆவடிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் என் பொறுப்பு" என்றோம்.

தமையனார் நெடுநேரம் பேசாமலிருந்தார். கடைசியில், "கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்தால் உன்னைத்தான் கேட்பேன்" என்றார். அது சம்மதமா, எச்சரிக்கையா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. நாம் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடங்களுக்குள் போட்டி நடந்தது. எண்ணூறு மீட்டரில் எட்டுப் பெண்கள். நாம் கைப்பேசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். தமையனார், காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர், வெறும் பையுடன் நமக்குப் பின்னால் நின்றார். முதற்சுற்றில் நமது பெண் இரண்டாவதாக இருந்தாள். இரண்டாவது சுற்றில், நாம் முன்னே சொன்ன அந்தக் கடன்காரன் காத்திருக்கும் இடத்தில், இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். நாலாவதாக வந்தாள். நேரம் 2 நிமிஷம் 41 விநாடி. பதக்கம் இல்லை, ஆனால் அவள் இதுவரை ஓடியதில் அதுவே குறைந்த நேரம்.

மூச்சு வாங்கிக்கொண்டு வேலியருகில் வந்தாள். "எவ்வளவு, சித்தப்பா?" என்றாள். நாம் கடிகாரத்தை நீட்டினோம். அதற்குள் தமையனார் குறுக்கிட்டு, "இரண்டாவது சுற்றில் அந்த வளைவில் ஏனம்மா மெதுவாகப் போனாய்?" என்று கேட்டார்.

குரல் ஒரு பயிற்சியாளருடைய குரலைப்போலவே இருந்தது. அன்று எங்கள் வீட்டில் காய்கறி இல்லை, அப்பளமும் மோர்க்குழம்பும்தான்.